நாலாவது தூண் எங்கே?

கேள்வி: தனியார் பள்ளியில் கணக்கு டீச்சர் நான். ஐந்து வருடமாக, பிள்ளைகள் தூங்கியபிறகு நீர்வண்ணத்தில் வரைகிறேன். யாரிடமும் காட்டியதில்லை. இன்ஸ்டாகிராமில் மற்றவர்கள் வரைந்ததைப் பார்த்தால் என்னுடையது குப்பையாகத் தெரிகிறது. போன வாரம் இரண்டு படங்களைக் கிழித்தே போட்டுவிட்டேன். எனக்கு ஓவியம் வருமா, வராதா?
– பெயர் வேண்டாம், மன்னார்குடி

பதில்: ஏன் டீச்சர் கிழித்தீர்கள்? 300 ஜிஎஸ்எம் கெட்டித் தாள் விற்கிற விலையில்! அதற்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு.

வருமா வராதா என்று சொல்லப் படத்தைப் பார்க்க வேண்டும். கடிதத்தோடு ஒன்றுகூட நீங்கள் வைக்கவில்லை.

நானும் முப்பது வருடமாக வரைகிறேன். வானத்துக்குத் தண்ணீர் பூசியதும் தாள் பளபளவென்று இருக்குமே, அந்த நேரத்தில் ‘இன்றைக்குக் கெடுத்துவிடப் போகிறாய்’ என்று உள்ளே ஒருத்தன் சொல்வான். சில நாள் அவன் சொன்னபடியே ஆகும். பளபளப்பு போனபிறகு ஆசைப்பட்டு ஈரத் தூரிகையை வைப்பேன். காலிஃப்ளவர் மாதிரி திட்டுத் திட்டாகப் பூத்துவிடும். அவனைத் துரத்த என்னிடம் வழியில்லை. ஆனால் பக்கத்தில் வேறு யாராவது பேசினால் அவன் குரல் கொஞ்சம் அமுங்கும்.

கும்பகோணம் மகாமகக் குளத்தைச் சுற்றி 16 மண்டபங்கள். அதில் ஒன்றைப் படித்துறையில் உட்கார்ந்து வரைந்துகொண்டிருந்தேன். பூக்கார அம்மா ஒருவர் கூடையை இறக்கி வைத்துவிட்டு எட்டிப் பார்த்தார்.

“ஏன் சார், மூணு தூணுதான் இருக்கு. நாலாவது எங்க?”

“பின்னாடி மறைஞ்சிருக்கும்மா.”

“மறைஞ்சிருக்குன்னு பாக்கறவங்களுக்குத் தெரியவேணாமா?”

முன்தூணின் நிழலை நான் தரையில் விழவிடவே இல்லை. அதனால் மண்டபம் அட்டையில் வெட்டி ஒட்டியதுபோல் நின்றது. படம் நன்றாக வரவில்லை என்று ஒரு மணி நேரமாகத் தெரியும்; எங்கே என்று அந்த அம்மா சொன்னபிறகுதான் தெரிந்தது. ஆயிரம் லைக் வந்திருந்தாலும் இது கிடைத்திருக்காது. (அன்றைக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ‘பூ விற்கிறவருக்கு என்ன தெரியும்’ என்றுகூட நினைத்தேன்.)

பெரிய ஓவியர்களும் தனியாக உட்கார்ந்துவிடவில்லை. 1966இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் முன்னின்று சென்னை ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உண்டாக்கியபோது, சேர்ந்தவர்கள் பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் காலம் தள்ளினார்கள். பக்கத்து வீட்டிலும் ஓர் ஓவியர் இருந்தார் என்பது அவர்களுக்கு எவ்வளவு பெரிய வசதி!

மன்னார்குடியில் உங்களுக்கு ஸ்டாஃப் ரூம் இருக்கிறது. ஒரு படத்தை மேஜைமேல் வையுங்கள். “சும்மா கிறுக்கினது” என்று முன்னுரை மட்டும் வேண்டாம். “சூப்பர் மிஸ்” என்பவர்களுக்கு நன்றி சொல்லிவிடுங்கள். இது என்ன, ஏன் இப்படி என்று கேட்கிற ஆள் ஒருவர் கிடைத்தால் அவரை விட்டுவிடாதீர்கள். ஓவிய ஆசிரியராக இருக்க வேண்டும் என்றில்லை.

அடுத்த கடிதத்தில் எனக்கும் ஒரு படம் வேண்டும். கிழித்ததானாலும் பரவாயில்லை, செல்லோடேப் ஒட்டி அனுப்புங்கள்.