விலை உயர்ந்த கார்னோபா வாக்ஸ்: முதலில் பாதி பானெட்டில் பூசிப் பாருங்கள்

கேள்வி: என் கறுப்பு செடான் காருக்கு நான்கு வயதாகிறது. வெளிநாட்டிலிருந்து வந்த மச்சான் 200 மில்லி கார்னோபா பேஸ்ட் வாக்ஸ் டப்பா ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். அதன் விலையைக் கேட்டதிலிருந்து திறக்கவே கை வரவில்லை. கார் இரவில் அபார்ட்மென்ட் நிழலில் நிற்கும். பகலில் ஆபீஸ் வாசலில் முழு வெயில். டப்பாவில் ‘நூறு சதவீதம் கார்னோபா’ என்று போட்டிருக்கிறது. அப்படியே எடுத்துப் பூசலாமா? எத்தனை நாள் தாங்கும்? இல்லை, பேசாமல் செராமிக் கோட்டிங் போட்டுவிடட்டுமா?
— கோவை வாசகர் ஒருவர்

பூசலாம். ஆனால் இன்றைக்கே, அப்படியே வேண்டாம்.

கார் அழகாகத் தெரிவது ஒன்று, பெயின்ட் கெடாமல் இருப்பது இன்னொன்று. முதலாவதில் கார்னோபா கெட்டிக்காரன், இரண்டாவதில் சுமார்தான். நம் வெயிலில் பகல் முழுக்க வெளியில் நிற்கும் காரில் ஒரு மாதம், மிஞ்சினால் ஒன்றரை மாதம் எதிர்பார்க்கலாம். நிழலிலேயே நிற்கும் கார் என்றால் இன்னும் சில வாரங்கள் கூடும். டப்பாவின் விலை கூடியதற்காக இந்தக் கணக்கு பெரிதாக மாறிவிடாது.

கார்னோபா என்பது பிரேசிலின் வடகிழக்கில், சியாரா, பியாவி மாநிலங்களில் வளரும் ஒரு பனைவகை மரத்தின் இலையில் படியும் மெழுகு. வறண்ட காற்றில் இலையின் ஈரம் போகாமலிருக்க மரம் தானே செய்துகொண்ட ஏற்பாடு அது. இலையை வெட்டி, வெயிலில் காய வைத்து, அடித்து உதிர்க்கும் தூளை உருக்கி வடிகட்டி எடுக்கிறார்கள். மிட்டாய்க்கும் மாத்திரைக்கும் பளபளப்பு கொடுப்பதும் இதுதான். ஈ903 என்ற எண்ணோடு பாக்கெட்டில் இருக்கும். 1935-இல் அமெரிக்காவின் ஜான்சன் வாக்ஸ் கம்பெனி முதலாளி இந்த மரத்தைத் தேடியே விஸ்கான்சினிலிருந்து பிரேசிலுக்கு விமானத்தில் போனார். விமானத்துக்கு வைத்த பெயரும் ‘கார்னோபா’தான்.

இப்போது அந்த ‘நூறு சதவீதம்’. சுத்தமான கார்னோபா கல் மாதிரி இருக்கும். இயற்கை மெழுகுகளிலேயே மிகக் கடினமானது. 82 முதல் 86 டிகிரி செல்சியஸில்தான் உருகும். அதை அப்படியே காரில் தேய்த்துப் பூச முடியாது. பேஸ்ட் பதத்துக்கு வர கரைப்பான், எண்ணெய், தேன்மெழுகு, சில டப்பாக்களில் சிலிக்கோன், பாலிமர் எல்லாம் சேர்த்தாக வேண்டும். ஆகவே அந்த வாசகத்துக்கு அர்த்தம், உள்ளே போட்டிருக்கும் கார்னோபா கலப்படமில்லாதது என்பதுதான். டப்பா முழுக்க கார்னோபா என்பதல்ல. சதவீதத்தை ஒரு கம்பெனி எடைக்கணக்கில் சொல்லும், இன்னொன்று கொள்ளளவில் சொல்லும். எண்களை ஒப்பிட்டு வாங்குவதில் பிரயோஜனம் இல்லை.

வெயிலில் சீக்கிரம் போவதற்கும் இந்தக் கலவையே காரணம். கோடையில் கறுப்பு பானெட் 70 டிகிரி வரை சுலபமாகச் சூடேறும். கார்னோபா அப்போதும் உருகாது. கூடவே இருக்கும் எண்ணெயும் மென்மையான மெழுகும் இளகிவிடும். மேலே தூசி ஒட்டும், அடுத்த கழுவலில் இரண்டும் சேர்ந்து போய்விடும்.

இனி, டப்பாவைத் திறக்கும் முன் செய்ய வேண்டியவை. மினுமினுப்பில் பெரும்பங்கு இங்கேதான் தீர்மானமாகிறது, மெழுகில் அல்ல.

காரை ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள். பாத்திரம் கழுவும் திரவம் வேண்டாம். இரண்டு வாளி வைத்துக்கொள்ளுங்கள்: ஒன்றில் ஷாம்பூ, ஒன்றில் வெறும் தண்ணீர். துணியை ஒவ்வொரு முறையும் வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்பூவில் முக்க வேண்டும். கழுவி முடித்ததும் ஒரு மெல்லிய பாலித்தீன் பையைக் கையில் மாட்டிக்கொண்டு பானெட்டின் மேல் லேசாகத் தடவிப் பாருங்கள். வெறும் விரலுக்குத் தெரியாத சொரசொரப்பு பைக்குள் இருக்கும் விரலுக்குத் தெளிவாகத் தெரியும். பிரேக்கிலிருந்து வரும் இரும்புத்தூள், பக்கத்து மனையில் வீடு கட்டினால் சிமென்ட் தூசி, மரத்துப் பிசின் எல்லாம் பெயின்டில் பதிந்து கிடப்பதுதான் அது. இதன் மேல் எவ்வளவு உயர்ந்த வாக்ஸைப் பூசினாலும் சொரசொரப்பின் மேல்தான் பூசுகிறீர்கள்.

அதை எடுக்க க்ளே பார் வேண்டும்; காருக்கென்று விற்கும், களிமண் போலப் பிசையக்கூடிய கட்டி அது. ஷாம்பூத் தண்ணீரையோ அதற்கென விற்கும் ஸ்பிரேயையோ தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் முன்னும் பின்னுமாக நகர்த்துங்கள். கட்டியில் அழுக்கு தெரிந்தால் மடித்துப் புதுப் பக்கத்தைத் திருப்புங்கள். கீழே விழுந்தால் யோசிக்காமல் தூக்கிப் போடுங்கள். தரையில் ஒட்டிய ஒரு மணல் துகள் போதும், பானெட் முழுக்கக் கோடு போட.

அடுத்து, இருட்டியபின் செல்போன் டார்ச்சை பானெட்டில் அடித்துப் பாருங்கள். நான்கு வருடக் கறுப்பு கார் என்றால் வெளிச்சத்தைச் சுற்றி சிலந்தி வலை போல மெல்லிய கீறல்கள் தெரியாமல் இருக்காது. வாக்ஸ் இவற்றைப் போக்காது. அதிலுள்ள எண்ணெய் கீறலுக்குள் நிரம்பிக் கொஞ்ச நாள் மறைக்கும். நான்கைந்து முறை கழுவினால் மறுபடி எட்டிப் பார்க்கும். நிஜமாகப் போக வேண்டுமானால் பாலிஷ். பாலிஷ் என்றால் நிறத்துக்கு மேலிருக்கும் ‘கிளியர் கோட்’ என்ற நிறமற்ற படலத்தையே கொஞ்சம் சீவி எடுப்பது. அந்தப் படலத்தின் மொத்தத் தடிமனே ஏறத்தாழ 40, 50 மைக்ரான்தான். அதனால் ஒருமுறை நல்ல டீடெயிலிங் கடையில் செய்துவிட்டு, அதன்பின் கீறல் விழாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் ‘ரப்பிங் போட்டுத் தரட்டுமா சார்’ என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பாலிஷ் எண்ணெய் மிச்சமிருந்தால் வாக்ஸ் சரியாகப் பிடிக்காது. தண்ணீர் கலந்த ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் ஒருமுறை துடைத்துவிட வேண்டும்.

கோவைக்காரர் என்பதால் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். போர் தண்ணீரில் கழுவி அப்படியே விட்டுவிட்டால் வாக்ஸ் போட்ட காரில்தான் கறை அதிகம் தெரியும். மெழுகின் மேல் தண்ணீர் உருண்டு முத்து முத்தாக நிற்கும். எல்லாரும் போட்டோ எடுப்பது அதைத்தான். வெயிலில் ஒவ்வொரு முத்தும் சுருங்கிக் காயும்போது உப்பு முழுவதும் ஒரே இடத்தில் வட்டமாகப் படியும். கழுவுவதை அந்தப் போர் தண்ணீரிலேயே செய்யுங்கள், கடைசி அலசலுக்கு ஒரு வாளி சிறுவாணித் தண்ணீர் ஒதுக்குங்கள், உடனே துடைத்துவிடுங்கள். வட்டம் விழுந்துவிட்டால் வெள்ளை வினிகரில் சமபங்கு தண்ணீர் கலந்து ஒற்றி எடுத்து, பிறகு நன்றாகக் கழுவலாம். அந்த இடத்தில் மெழுகும் பலவீனமாகியிருக்கும். மறுபடி கொஞ்சம் தொட்டுப் பூச வேண்டும்.

இப்போது சோதனை. பானெட்டின் நடுவே மேலிருந்து கீழாக மாஸ்கிங் டேப் ஒட்டுங்கள். ஒரு பாதியில் மச்சானின் வாக்ஸ், மறு பாதியில் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சாதாரண வாக்ஸ் அல்லது சீலன்ட் (மெழுகுக்குப் பதில் செயற்கைப் பாலிமரில் செய்த பூச்சு). கழுவியது, க்ளே செய்தது எல்லாம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சோதனைக்கு அர்த்தமில்லை. டேப்பை எடுத்துவிட்டு, எந்தப் பக்கம் எது என்று சொல்லாமல் வீட்டில் யாரையாவது கூப்பிட்டுக் காட்டுங்கள். கறுப்பு, கருநீலம், அடர்சிவப்பு கார்களில் நல்ல கார்னோபாவுக்கென்று ஒரு ஆழம் உண்டு. நிறம் நனைந்தது போலத் தெரியும். உங்கள் காரில் அது தெரிய வாய்ப்பு இருக்கிறது. வெள்ளையிலும் வெள்ளிநிறத்திலும் இந்த வித்தியாசத்தைக் கண்டுபிடிப்பவர்களை நான் நம்புவதில்லை.

பூசும் நேரம் அதிகாலை அல்லது சூரியன் இறங்கிய பிறகு. புறங்கையை பானெட்டில் வைத்தால் சூடே தெரியக் கூடாது. கறுப்பு பிளாஸ்டிக் பாகங்களின் ஓரத்தில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். அங்கே மெழுகு பட்டால் வெள்ளையாகக் காய்ந்து எளிதில் போகாது. ஸ்பாஞ்சை டப்பாவுக்குள் லேசாக ஒரு சுற்று சுற்றினால் பாதி பானெட்டுக்குப் போதும். பூசியது கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் மங்கலாக இருக்க வேண்டும். தடிமனாகப் பூசினால் பாதுகாப்பு கூடாது, துடைக்கும் கைதான் வலிக்கும்.

எப்போது துடைப்பது என்பதற்குக் கடிகாரம் பார்க்க வேண்டாம். ஒரு விரலால் கோடு இழுங்கள். கோடு சுத்தமாகப் பளிச்சென்று வந்தால் துடைக்கலாம். இழுபட்டால் இன்னும் பொறுங்கள். ஈரக்காற்றில் நேரம் கூடுதலாகும். மறந்துபோய் இறுகிவிட்டால் அழுத்தித் தேய்க்காமல் அதன் மேலேயே கொஞ்சம் புது வாக்ஸ் தொட்டு வையுங்கள், பழையது இளகும். ஒரு மைக்ரோஃபைபர் துணி எடுக்க, இன்னொன்று மெருகேற்ற. சில மணி நேரம் கழித்து எண்ணெய்ப் படலம் போல லேசாக வியர்த்தால் பயப்பட வேண்டாம். உயர்ரக கார்னோபாக்களில் அது சகஜம். இன்னொரு முறை துடைத்தால் போதும். மறுநாள் இரண்டாம் கை பூசினால் விட்டுப்போன இடங்கள் நிரம்பும். மூன்றாம் கை வீண். அதிலுள்ள கரைப்பான் கீழே இருப்பதைத்தான் கரைக்கும்.

பிறகு வாராவாரம் கழுவும்போது இரண்டு பாதியிலும் தண்ணீர் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். முத்து நிற்கவில்லை என்றவுடன் வாக்ஸ் போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். மேலே படிந்த தூசியும் அப்படிச் செய்யும். ஷாம்பூ போட்டுக் கழுவியபின் பார்த்ததுதான் கணக்கு.

செராமிக்? நாள் முழுக்க வெயிலில் நிற்கும் காருக்கு, மாதாமாதம் துணியும் கையுமாக நிற்கப் பிடிக்காதவருக்கு, அது நியாயமான செலவு. வருடக்கணக்கில் நிற்கும். ஆனால் உப்புத் தண்ணீர்க் கறை அதிலும் விழும், கல் பட்டால் அதுவும் பெயரும். வாக்ஸ் இருக்கும் பெயின்டில் அதைப் போட முடியாது. முழுவதும் எடுத்த பிறகுதான். உங்களுக்கு நான் சொல்வது இடைவழி: கீழே செயற்கை சீலன்ட் பூசி ஒரு நாள் விட்டு, மேலே கார்னோபா. சீலன்ட் சில மாதங்கள் காவலிருக்கும். கார்னோபாவைக் கல்யாணம், பொங்கல் என்று வேண்டும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். ஆயுத பூஜைக்கு முந்தைய வாரம் பூசினால் இன்னொரு சௌகரியம், பானெட்டில் வைத்த சந்தனமும் குங்குமமும் தண்ணீர் ஊற்றினாலே பெரும்பாலும் வழிந்துவிடும்.

நீங்கள் கேட்காத ஒன்று. அபார்ட்மென்ட்டில் தினமும் காலையில் ஒருவர் ஒரே வாளி, ஒரே துணியோடு பத்து கார் துடைக்கிறாரா? டார்ச்சில் தெரியும் கீறல்களில் பல அங்கிருந்துதான் வருகின்றன. அவர் சம்பளத்தைக் குறைக்காமல், தினமும் துடைப்பதை நிறுத்தி வாரம் ஒருமுறை தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொல்லுங்கள். உங்கள் காருக்கென்று தனி வாளியும் இரண்டு துணியும் வாங்கிக் கொடுங்கள்.

டப்பாவை மட்டும் காரின் டிக்கியில் வைக்காதீர்கள். அந்தச் சூட்டில் இளகிக் கரைப்பான் ஆவியாகி, மெழுகு காய்ந்து விரிசல் விட்டுப் போகும். வீட்டில் மூடியை இறுக்கி நிழலான அலமாரியில் வைத்தால், மெல்லியதாகப் பூசும் கைக்கு 200 மில்லி சில வருடங்களுக்கு வரும்.