தக்காளியின் அடி கறுக்கிறதா? சுண்ணாம்பை நிற்பாட்டுங்கள், தண்ணீரைப் பாருங்கள்

கேள்வி: ஐயா, நாங்கள் யாழ்ப்பாணத்தில் கோண்டாவிலில் இருக்கிறோம். மார்கழிக் கடைசியில் நாலு லீற்றர் பெயின்ற் வாளிகளில் கொஞ்சமும் கிணத்தடிப் பக்கம் நிலத்தில் கொஞ்சமுமாகத் தக்காளிக் கன்றுகள் வைத்தேன். நன்றாக வளர்ந்து காய்த்தன. ஆனால் பழத்தின் அடிப்பக்கம் கறுத்து, தோல் மாதிரிக் காய்ந்துபோகிறது. நிலத்தில் நிற்கிறவற்றில் குறைவு, வாளியில்தான் கூட. கல்சியம் காணாது என்று சொன்னார்கள். சுண்ணாம்பு, முட்டைக்கோது, அடுப்புச் சாம்பல் எல்லாம் போட்டேன். கிழமைக்கு ஒருக்கால் யூரியாவும் போடுவேன். வேலைக்குப் போகிற நாட்களில் பின்னேரம் வந்துதான் தண்ணீர் விடுவேன், ஞாயிற்றுக்கிழமை நிறைய விடுவேன். இப்போது பங்குனியில் பூவும் கொட்டுகிறது. சில கன்றில் இலை சுருள்கிறது. நிலத்தில் நின்ற ஒன்று பச்சையாகவே திடீரென்று வாடிச் செத்துவிட்டது. அந்த இடத்தில் முன்பு மிளகாய் நின்றது. அடி கறுத்த பழத்தைச் சமைக்கலாமா? மாமி வீட்டுப் பழத்தில்தான் சொதி வைக்க வேண்டும் என்று ஆசையோடு இருக்கிறா.

பதில்: தங்கச்சி, முதலில் சுண்ணாம்பை நிற்பாட்டுங்கள். முட்டைக்கோதும் சாம்பலும் வேண்டாம்.

உங்களுக்குச் சொன்னவர் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை. பழத்தின் அடி கறுப்பது அந்த இடத்துக்குக் கல்சியம் போய்ச் சேராததால்தான். ஆனால் மண்ணில் இல்லாததால் போகாமல் விடுவது ஒன்று, மண்ணில் இருந்தும் போகாமல் விடுவது இன்னொன்று. எங்கள் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் இருக்கிறது. கோண்டாவில், இணுவில், உரும்பிராய்ச் செம்மண்ணைக் கொஞ்சம் ஆழமாகத் தோண்டினால் கல்லில்தான் மண்வெட்டி முட்டும். கிணற்றில் ஊறுகிற நீர் அந்தக் கல்லைக் கரைத்துக்கொண்டு வருகிற நீர். குசினியில் தேத்தண்ணிக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கிற கேத்திலுக்குள் பாருங்கள். அடியில் வெள்ளையாகப் படிந்திருப்பது கல்சியம்தான். கேத்திலில் இப்படிப் படிகிற தண்ணீரை நாள்தோறும் குடிக்கிற கன்றுக்குக் கல்சியம் வாங்கிப் போடத் தேவையில்லை.

பிறகு ஏன் கறுக்கிறது? கல்சியம் செடிக்குள் தானாக நடமாடாது. வேர் உறிஞ்சுகிற நீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். எந்தப் பாகத்தில் நீர் கூட ஆவியாகிறதோ அந்தப் பாகத்துக்குத்தான் கூடப் போகும். இலையில் ஆவியாதல் அதிகம். பழத்தின் தோலோ மெழுகு பூசினது, அதனூடாக நீர் மிகக் குறைவாகத்தான் போகும். மண் காய்ந்துபோன நாளில் கிடைக்கிற கொஞ்ச நீரையும் இலைகள் இழுத்துவிடும். காய்க்கு, அதிலும் காம்புக்கு எதிர்ப்புறமான அடிக்கு, ஒன்றும் வராது. பிஞ்சு வேகமாகப் பருக்கிற முதல் இரண்டு மூன்று கிழமைக்குள் இப்படி ஒரு காய்ச்சல் விழுந்தால் போதும், அந்த இடத்துக் கலங்கள் உடைந்து கறுத்துவிடும். நீங்கள் காண்பது பிறகுதான், காய் பெருத்த பிறகு. இலைக்குப் போய்ச் சேர்ந்த கல்சியம் திரும்பிப் பழத்துக்கு வருவதும் இல்லை. அதனால் இலைக்குத் தெளிக்கச் சொல்லி விற்கிற கல்சியத் திரவத்துக்கும் காசைக் கொட்டாதீர்கள்.

நிலத்தில் நிற்கிற கன்றுகளில் கறுப்பு குறைவு என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியை வாசித்தவுடனேயே எனக்கு விளங்கிவிட்டது. ஒரே கிணறு, ஒரே செம்மண், ஒரே சுண்ணாம்பு. வித்தியாசம் வாளிதான். நாலு லீற்றர் மண் பங்குனி வெயிலில் மத்தியானத்துக்கு முன்பே காய்ந்துவிடும். நீங்கள் வேலையால் வந்து பின்னேரம் தண்ணீர் விடும்வரைக்கும் கன்று பட்டினி. ஞாயிற்றுக்கிழமை திடீரென்று நிறையக் கிடைக்கிறது. இந்த ஏற்ற இறக்கம்தான் உங்கள் பழத்தைக் கறுக்க வைக்கிறது. காய்ச்சலுக்குப் பிறகு நிறையத் தண்ணீர் கிடைத்தால் பழம் வெடிக்கவும் செய்யும்.

யூரியாவும் இதற்குத் துணைபோகிறது. யூரியா மண்ணில் முதலில் அமோனியமாக மாறும், அது வேர் கல்சியத்தை எடுப்பதைத் தடுக்கும். அதோடு இலையைக் கொழுக்க வைக்கும், கொழுத்த இலை இன்னும் நீரை இழுக்கும். பூத்துக் காய்க்கிற கன்றுக்குக் கிழமைக் கணக்கில் யூரியா வேண்டாம். நன்றாக மக்கிய மாட்டெருவோ கூட்டெருவோ மாதத்துக்கு இரண்டு தரம், ஒரு வாளிக்கு இரண்டு கைப்பிடி, அவ்வளவும் போதும்.

சாம்பலைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் எங்கள் ஊரில் அது எல்லா வீட்டிலும் நடக்கிறது. அடுப்புச் சாம்பலும் சுண்ணாம்பும் மண்ணின் காரத்தைக் கூட்டும். எங்கள் நீரே காரமானது. இன்னும் கூட்டினால் மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அதுதான் காரணம். புளித்த, அதாவது அமிலமான மண் உள்ள ஊர்களுக்குச் சொன்ன வைத்தியத்தை நாங்கள் ஏன் செய்ய வேண்டும்? வாளியின் மேல்மண்ணை இரண்டு அங்குலம் சுரண்டி எடுத்துவிட்டு, அந்த இடத்துக்குக் கூட்டெருவைப் போடுங்கள்.

இப்போது செய்ய வேண்டியது இது. காய்த்து நிற்கிற கன்றைப் பிடுங்கி மாற்றி நடாதீர்கள், வேர் அறுந்தால் இருக்கிற காயும் போய்விடும். வாளியின் அடியை மட்டும் கவனமாக வெட்டி எடுத்துவிட்டு, எருக் கலந்த மண் நிரப்பிய உரப்பையின் மேலே அப்படியே இறக்கி வையுங்கள். வேர் தானாகக் கீழே போகும். மண்ணுக்கு மேலே வைக்கோலோ காய்ந்த இலைச்சருகோ மூன்று அங்குலத் தடிப்பில் பரப்புங்கள். காலமை வேலைக்குப் போக முன்னம் ஒரு லீற்றர், பின்னேரம் ஒரு லீற்றர், நாள் தவறாமல். விரலை இரண்டு அங்குலம் இறக்கிப் பார்த்து ஈரம் இருந்தால் பின்னேரத்து அளவைக் குறைக்கலாம். ஆனால் காலமைத் தண்ணீரை ஒருநாளும் தவறவிடாதீர்கள். சீமெந்து முற்றத்தில் வைத்திருந்தால் கல் வைத்து உயர்த்தி, மேற்கு வெயில் படாத பக்கத்துக்கு நகர்த்துங்கள்.

இன்னும் ஒரு விசயம். வாளிச் சுவரிலோ மண்ணின் மேலோ வெள்ளைப் பொருக்குக் கண்டால் உப்புச் சேர்ந்திருக்கிறது. மழையில்லாத மாதங்களில் கிணற்று நீரில் உப்பு ஏறும், கடற்கரையையும் களப்பையும் அண்டிய ஊர்களில் மிகவும். உப்பேறிய மண்ணில் தண்ணீர் இருந்தும் வேரால் இழுக்க முடியாது, பழைய கறுப்பு மறுபடி வரும். கிழமைக்கு ஒருமுறை அடியால் வழிந்து ஓடுமளவுக்கு விட்டு உப்பைக் கழுவிவிடுங்கள்.

பூக் கொட்டுவதற்கு மருந்தில்லை. இராச் சூடு ஏறத்தாழ 21 பாகையைத் தாண்டினால் தக்காளிப் பூவில் பிஞ்சு பிடிப்பது குறையும், பகல் 32, 33 பாகையைத் தாண்டினால் மகரந்தமே கெடும். பங்குனி, சித்திரையில் எங்கள் ஊரில் இரண்டும் நடக்கும். பிறகு சோழகக் காற்றுத் தொடங்கினால் காய்ச்சல் இன்னும் கூடும். காலமை எட்டு ஒன்பது மணிக்குப் பூங்கொத்தை விரலால் மெல்லத் தட்டிவிடுங்கள், தக்காளி தன் மகரந்தத்திலேயே கருக்கட்டும், அசைவு மட்டும்தான் வேண்டும். சிலது பிடிக்கும். மற்றதற்காக மனம் நோகாதீர்கள். அடுத்த முறை ஐப்பசியில் கூரைக்குக் கீழே நாற்றுப் போட்டு, மூன்று நாலு கிழமைக் கன்றைக் கார்த்திகையில் சாடிக்கு மாற்றுங்கள், அடைமழைக்குத் தாழ்வாரத்தில் வைக்கலாம். நிலத்தில் நடுவதென்றால் பெருமழை ஓய்ந்த மார்கழி நடுப்பகுதி நல்லது. அப்படிச் செய்தால் வாடைக்காற்றுக் குளிரில் பூத்து, தையிலும் மாசியிலும் பழம் எடுப்பீர்கள். நீங்கள் நட்டது மார்கழிக் கடைசி. இரண்டு கிழமை பிந்திவிட்டது, அவ்வளவுதான்.

சாடி என்றால் 15 லீற்றருக்குக் குறையக் கூடாது. செம்மண், மக்கிய மாட்டெரு, கழுவின தும்புத்தூள் மூன்றும் சமபங்கு. தாங்குகோலுக்கு வேலியில் நிற்கிற பச்சைக் கிளுவைக் கதியாலை வெட்டி ஊன்றிவிடாதீர்கள், அது சாடிக்குள்ளேயே வேர்விட்டுத் தக்காளியின் சோற்றைப் பறிக்கும். காய்ந்த தடி போதும்.

திடீரென்று செத்த கன்றைப் பற்றித்தான் எனக்குக் கவலை. மஞ்சளாகாமல் பச்சையாகவே வாடினால் பற்றீரியா வாடல் என்று சந்தேகப்பட வேண்டும். தண்டை அடியில் குறுக்காக வெட்டி, கண்ணாடிக் குவளையில் தெளிந்த நீரில் வெட்டுமுகம் நனைய நிறுத்துங்கள். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி வெள்ளையாக வழிந்தால் அதுதான். வேரையும் பாருங்கள், முடிச்சு முடிச்சாக இருந்தால் வேர்முடிச்சு வட்டப்புழு. இரண்டுக்கும் மண்ணில்தான் இருப்பு. மிளகாய், கத்தரி, உருளைக்கிழங்கு, புகையிலை, தக்காளி ஐந்தும் ஒரே குடும்பம். எங்கள் தோட்டங்களில் இந்த ஐந்தையும்தான் மாறி மாறி நடுகிறோம், பயிர் மாற்றினோம் என்றும் நினைக்கிறோம். மண்ணில் இருக்கிற கிருமிக்கு அது மாற்றமே இல்லை. அந்த இடத்தில் அடுத்த இரண்டு மூன்று வருடம் சின்ன வெங்காயம், பயிற்றை, கீரை என்று வையுங்கள். தக்காளியைச் சாடியில் வையுங்கள். வாடலுக்குத் தாக்குப்பிடிக்கிற திலின என்ற இனத்தை விவசாயத் திணைக்கள விதை விற்பனை நிலையத்தில் கேட்டுப் பாருங்கள்.

இலை சுருள்வதில் இரண்டு விதம் உண்டு. கீழ் இலைகள் மத்தியான வெயிலில் மேல்நோக்கி உருண்டு, பச்சையாகவே நின்றால் அது வெயிலுக்குச் செய்கிற தற்காப்பு, விட்டுவிடலாம். நுனித் தளிர் சிறுத்து, ஓரம் மஞ்சளாகி, கன்று வளராமல் நின்றால் வெள்ளை ஈ கொண்டுவந்த வைரசு. அதற்கு மருந்தில்லை. கன்றைப் பையால் மூடிப் பிடுங்கி எரித்துவிடுங்கள், இரக்கப்பட்டு வைத்திருந்தால் பக்கத்துக் கன்றுக்கும் போகும். வீட்டில் யாரும் சுருட்டுக் குடிக்கிறவர்கள் இருந்தால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டுத்தான் கன்றைத் தொட வேண்டும். புகையிலையில் இருக்கிற ஒரு வைரசு தக்காளிக்கும் தொற்றும்.

சரி, குசினிக்கு வருவோம். அடி கறுத்த பழத்தைச் சமைக்கலாம். கறுப்பை ஒரு விரல் அகலம் தள்ளி வெட்டி எறிந்துவிட்டு, மிச்சம் இறுக்கமாக, பூஞ்சணமில்லாமல், மணம் மாறாமல் இருந்தால் அன்றே கறிக்குப் போடுங்கள். போத்தலில் அடைக்கிற சோஸ், ஜாம் வேலைக்கு மட்டும் வேண்டாம்.

மற்றப் பழங்களை மரத்திலேயே சிவக்க விடாதீர்கள். அடியில் இளஞ்சிவப்பு ஓடத் தொடங்கினவுடன் ஆய்ந்து, வீட்டுக்குள் நிழலில் காம்பு கீழே இருக்கப் பரப்பி வையுங்கள். 30 பாகைக்கு மேலே சிவப்பு நிறம் ஊறாது, அதனால்தான் இந்த மாதத்துப் பழம் மரத்தில் நின்றால் செம்மஞ்சளாகவே நிற்கிறது. வீட்டுக்குள் நன்றாகச் சிவக்கும், அணிலுக்கும் கொடுக்க வேண்டியதில்லை. பழுக்கும் வரைக்கும் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைக்காதீர்கள், மணம் போய்விடும்.

மாமிக்குச் சொதி வைக்க நாலு நல்ல பழம் போதும். சின்ன வெங்காயம், கீறின பச்சைமிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாவற்றையும் கப்பிப்பாலில் (முதற்பால் எடுத்த பிறகு பிழிகிற தண்ணீரான தேங்காய்ப்பால்) அவிய விட்டு, வெங்காயம் வெந்த பிறகு பழத்தை வெட்டிப் போடுங்கள். பழம் கரைகிற நேரம் உப்புப் போட்டு, அடுப்பைத் தணித்து, முதற்பாலை விட்டு அகப்பையால் கலக்கிக்கொண்டே நின்று, கொதி வர முன்னம் இறக்குங்கள். தக்காளியின் புளி பாலைத் திரைக்கும், கொதித்தால் கட்டாயம் திரையும். வழமையாக விடுகிற தேசிப்புளியைக் கையில் எடுக்க முன்னம் ஒருக்கால் நாக்கில் வைத்துப் பாருங்கள், வீட்டுப் பழத்துக்கு அநேகமாகத் தேவைப்படாது. இடியப்பத்துக்கு இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம்.

குழம்புக்கு நன்றாகக் கனிந்து பிய்கிற பழம்தான் சரி. நல்லெண்ணெயில் வெங்காயமும் உள்ளியும் பெருஞ்சீரகமும் வதக்கி, பழத்தைப் போட்டு எண்ணெய் பிரியுமட்டும் வற்ற விட்டு, பிறகுதான் எங்கள் வறுத்த மிளகாய்த்தூள். பழப்புளி பாதியாகக் குறைக்கலாம். சுடச்சுடப் பிட்டோடு சாப்பிட்டுப் பாருங்கள்.

வைரசுக்காகப் பிடுங்குகிற கன்றிலும் காய் இருக்கும். அந்த வைரசு மனிதரை ஒன்றும் செய்யாது, காயைப் பயப்படாமல் எடுக்கலாம். முற்றின பச்சைக் காயென்றால் வீட்டுக்குள் பழுக்கும். பிஞ்சென்றால் பழுக்காது, கொஞ்சம் கைக்கும், எறிந்துவிடுங்கள். முற்றின காயைப் பழுக்க வைக்கப் பொறுமை இல்லையென்றால் மெல்லியதாக வெட்டி, பச்சைமிளகாயும் மாசிக்கருவாட்டுத் தூளும் போட்டுப் பால்கறி வைக்கலாம்.