பதப்படுத்திய இறைச்சியால் புற்றுநோய் 18% கூடும் என்றால், சாப்பிடும் 100 பேரில் 18 பேருக்கு வருமா?

வராது. அது ஒப்பீட்டுக் கணக்கு. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2015-இல் சொன்னது இதுதான்: தினமும் 50 கிராம் பதப்படுத்திய இறைச்சி சாப்பிட்டால் பெருங்குடல், மலக்குடல் புற்றுநோய் அபாயம் 18% கூடும். தினமும் என்ற சொல்லைத்தான் தலைப்புகள் விழுங்கிவிடுகின்றன.

எதிலிருந்து 18% என்று முதலில் கேளுங்கள். சாப்பிடாதவர்கள் 100 பேரில் 6 பேருக்கு வாழ்நாளில் இந்நோய் வரும் என்று வைத்துக்கொள்வோம். 6-இல் 18% ஏறக்குறைய 1. ஆக, சாப்பிடுவோரில் 7 பேருக்கு வரும். கூடுவது நூற்றுக்கு ஒருவர். ஒருவர் என்பதும் அற்பமில்லை, ஆனால் 18 அல்ல. அடிப்படை எண்ணிக்கையைத் தராத செய்தியில் சதவீதத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

பதப்படுத்திய இறைச்சி ‘சிகரெட்டுக்குச் சமம்’ என்பது இதைவிடப் பெரிய குழப்பம். அந்த முகமையின் பட்டியலில் இரண்டும் முதல் பிரிவில் இருப்பது உண்மை. அந்தப் பிரிவு, புற்றுநோய் உண்டாக்கும் என்பதற்கான சான்று எவ்வளவு உறுதி என்பதைக் காட்டுகிறது. ஆபத்து எவ்வளவு பெரிது என்பதை அல்ல. நுரையீரல் புற்றுநோய் அபாயத்தைப் புகைபிடித்தல் பல மடங்கு கூட்டும். அங்கே பேச்சு மடங்கில், இங்கே சதவீதத்தில்.

பதப்படுத்தியது என்றால் உப்பிட்டோ, புகையூட்டியோ, நைட்ரைட் என்ற வேதிப்பொருள் சேர்த்தோ கெடாமல் வைப்பவை: சாசேஜ், பேக்கன், ஹாம். சாதாரண ஆட்டிறைச்சி இதில் சேராது. அது ‘அநேகமாக உண்டாக்கக்கூடும்’ என்ற அடுத்த பிரிவு.