போர்ச்சும் ஹாலும் நாய்க்குட்டிக்கு ஒன்றுதான்

தங்கச்சி, மலேசியாவுக்கு, இந்தச் சுங்கை சிப்புட்டுக்கு வந்து மூன்று மாதம், வீட்டுக்காரர் செம்பனை ஆலைக்குப் போய்விடுகிறார், துணைக்கு வாங்கிய இரண்டு மாத நாய்க்குட்டியோ ஹால் முழுக்க மூத்திரம் போகிறது, இரண்டு அடி போட்டால் பழகுமா என்று கேட்டிருந்தாய். அடிக்காதே. நீ பார்க்கும்போது போகக்கூடாது என்பதை மட்டும்தான் அது கற்றுக்கொள்ளும். அப்புறம் சோபாவுக்குப் பின்னால் போய் இருந்துவிட்டு வரும்.

நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து 1999இல் வந்தவள். எங்கள் வீட்டு நாய்க்கு யாரும் எதையும் பழக்கியதில்லை. திண்ணையோரம் படுக்கும், வயல் பக்கம் போய்விட்டு வரும். இங்கே தோட்டத்து லயத்தில், அந்தத் தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்தவர்களும் இதையேதான் சொல்வார்கள்: பின்னால் பால்மரம் என்கிற ரப்பர் மரம், நாய் தன் பாட்டுக்குப் போய் வரும். தாமான் என்கிற குடியிருப்புப் பகுதி வீட்டில் அந்த மண் ஏது? கேட்டிலிருந்து சமையற்கட்டு வரை ஒரே டைல்ஸ்.

என் முதல் குட்டியை நான் கெடுத்ததும் இதில்தான். வாசலில் கார் நிறுத்தும் போர்ச்சில் விடுவேன், அது போகும், குழாயைப் பிடித்து லொங்காங்கில், அதாவது சாக்கடையில், தள்ளிவிடுவேன். சமர்த்தாகப் பழகிவிட்டது என்று பெருமை வேறு. ஆனால் குட்டிகள் சுவர், கதவையெல்லாம் கணக்கில் வைப்பதில்லை. பாதத்தில் என்ன படுகிறது என்பதைத்தான் பிடித்துக்கொள்கின்றன. வழவழவென்று சில்லென்றிருந்தால் போகலாம் என்று அது முடிவு கட்டிவிட்டது. ஹாலும் வழவழதானே!

பிறகு செடிக்கடையில் புல்தரைக்கு விற்கும் புல்லில் ஒரு துண்டு வாங்கி, அகலமான பிளாஸ்டிக் தட்டில் வைத்து, போர்ச் மூலையில் போட்டேன். அதன் மூத்திரத்தைத் துடைத்த பேப்பரைப் புல்மேல் வைத்தேன். தூங்கி எழுந்ததும், விளையாடி முடித்ததும், சாப்பிட்ட பத்துப் பதினைந்து நிமிடத்திலும் தூக்கிக்கொண்டு போய் விடு. நடக்கவிட்டால் வழியிலேயே முடிந்துவிடும். பேசாமல் நில். முடித்த அந்த நொடியே, அங்கேயே, வேகவைத்த கோழியில் ஒரு துணுக்கு. வீட்டுக்குள் வந்து கொடுத்தால் உள்ளே வந்ததற்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொள்ளும். இந்த வயதில் பகலில் இரண்டு, மூன்று மணி நேரம் அடக்கினாலே பெரிது. ராத்திரியும் ஒரு தடவை எழுந்துதான் ஆகவேண்டும். கண் வைக்க முடியாத நேரத்தில் அதன் கயிற்றை உன் இடுப்பில் கட்டிக்கொள். நான் அப்படித்தான் சப்பாத்தி தேய்த்தேன். முழுசாக நம்புவதற்கு நாலைந்து மாதம் ஆகும்.

உள்ளே போய்விட்டால் சத்தம் போடாமல் துடை. அம்மோனியா கலந்த தரை மருந்து வேண்டாம், அதற்கே மூத்திர வாடை; திரும்ப அங்கேயே போகும். செல்லப்பிராணிக் கடையில் அந்த வாடையையே போக்கும் என்சைம் திரவம் கிடைக்கும்.

தெருநாய் திரியும் திடலுக்கு இப்போது கொண்டுபோகாதே. குட்டிகளைக் கொல்லும் பார்வோ நோய்க்கான தடுப்பூசி முடிய ஏறக்குறைய நாலு மாத வயதாகிவிடும். செம்பனைத் தோட்டத்துக்குள் விடவே விடாதே, எலிக்கு விஷக்கட்டி வைத்திருப்பார்கள்.

பக்கத்து வீட்டில் மலாய்க்காரர்கள் என்றாயே, கேட்டைச் சாத்தியே வை. நாயின் எச்சிலோ ஈர மூக்கோ பட்டால் அவர்களுடைய இஸ்லாமிய மார்க்கப்படி ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண் கலந்த தண்ணீரில். மலத்தைப் பையில் அள்ளிக் கட்டிப் போடு, குழாயடித்து அவர்கள் வாசல் வழியாக ஓடவிடாதே. எங்கள் பக்கத்து வீட்டு மக்சிக், அந்த மலாய்க்கார அம்மா, ஒரு வார்த்தை சொன்னதில்லை. ஆனால் நான் குழாயைத் திறந்ததும் அவர் வாசல் செருப்புகளை உள்ளே எடுத்து வைப்பதை ஒருநாள் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் புல்தட்டு வந்தது.

தட்டைக் கூரைக்கு அடியிலேயே வை. சாயங்கால மழையில் இடி இடித்தால் எந்தக் குட்டியும் வெளியே கால் வைக்காது. அப்புறம், நகராண்மைக் கழகத்தில் நாய் லைசென்ஸ் எடுத்தாயா? வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்கு இடம் இருக்கிறதா என்றும் இன்றைக்கே பார்.