மாவு வியாபாரமும் மாதச் சம்பளமும்

வணக்கம்.

எனக்கு 34 வயது. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். சம்பளம் 22,000 ரூபாய். தை பிறந்ததும் வேலையை விட்டுவிட்டு, இட்லி மாவு ஆட்டிக் கடைகளுக்குப் போடலாம் என்றிருக்கிறேன். சேமிப்பு 2,50,000 இருக்கிறது. பெரிய கிரைண்டர், சீலிங் மெஷின், ஃப்ரிட்ஜ் எல்லாம் சேர்த்து 2,20,000 ஆகும் என்கிறார்கள். மானியக் கடனும் உண்டாம். துணிச்சல் இருந்தால் போதும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது இருக்கிறதா என்று தெரியவில்லை. கூச்ச சுபாவம் வேறு.

திருப்பூர் வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் துணிச்சலைப் பற்றி எனக்குக் கவலையில்லை. மெஷினுக்குப் போக மிஞ்சும் 30,000 ரூபாயை நினைத்துத்தான் கவலை.

நீங்கள் கணக்குத் தெரிந்தவர், அதிலிருந்தே தொடங்குவோம். 4 கிலோ இட்லி அரிசி 180 ரூபாய், 1 கிலோ உளுந்து 130, வெந்தயமும் உப்பும் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். 315 ரூபாய்க்குச் சுமார் 12 கிலோ மாவு காணும். கவர், கரண்ட் சேர்த்துக் கிலோ அடக்கம் 30. விலை 50 என்றால், கடைக்காரருக்கு 8 போக உங்களுக்கு 42. நாளொன்றுக்கு ஒரு கிலோ பாக்கெட் 60 போட்டால் 720 ரூபாய் நிற்கும். பலரும் இந்த இடத்திலேயே நோட்டை மூடிவிடுகிறார்கள். அறுபதில் ஆறு திரும்பி வந்தால், ஒன்றுக்கு 42 வீதம் வரவு போய், அந்த 720, 468 ஆகிவிடும். பெட்ரோலுக்கு 100 கழித்தால் 368. முப்பது நாளும் ஓய்வில்லாமல் ஆட்டினாலும் மாதம் 11,040தான், இப்போதைய சம்பளத்தில் பாதி. நூறு பாக்கெட் போட்டு ஐந்துக்கு மேல் திரும்பாமல் இருந்தால் சம்பளத்தைத் தாண்டுவீர்கள்.

ஆகவே ரிட்டர்னைக் குறைப்பதுதான் இந்தத் தொழிலின் வித்தை. மாவு புளித்துக் கவர் உப்புவதால்தான் பெரும்பாலும் திரும்புகிறது. ஆட்டும்போதே சூடேறிய மாவு சீக்கிரம் புளிக்கும். உளுந்துக்கு ஐஸ் தண்ணீர் தெளித்து ஆட்டுங்கள். ஆட்டியதும் பாக்கெட் போட்டு, 5 டிகிரிக்குக் கீழே நன்றாகக் குளிரவைத்த பிறகே வெளியே எடுங்கள். கரண்ட் பில்லுக்குப் பயந்து ராத்திரியில் ஃப்ரிட்ஜை நிறுத்தும் கடைகள் உண்டு. விடியும்போது பாக்கெட் பந்துபோல இருக்கும். அந்தக் கடைக்காரர் ஆறு கேட்டாலும் நாலு போடுங்கள், சாயங்காலத்துக்குள் தீர்ந்துவிடட்டும். இன்னொன்று, குளிர்ந்த மாவை எத்தனை மணி நேரம் வெளியில் வைத்து இட்லி ஊற்ற வேண்டும் என்பதைக் கவரிலேயே அச்சடியுங்கள். இல்லையென்றால் "இட்லி கல்லாட்டம் வருது" என்று அதுவும் திரும்பும்.

கூச்சத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். மாவு விற்க அது தடையில்லை, காசு கேட்கத்தான் தடை. 60 பாக்கெட்டுக்கு ஒரு நாள் வரவு 2,520. இரண்டு வாரம் கடன் விட்டால் 35,280 ரூபாய் கடைகளில் நிற்கும். உங்கள் 30,000 அதிலேயே தீர்ந்து, அரிசி வாங்கக் காசிருக்காது. "நேத்து போட்டதுக்குக் குடுத்துருங்கண்ணா, இன்னைக்கு வெச்சுட்டுப் போறேங்க" என்று முதல் நாளிலிருந்தே சொல்லுங்கள். பத்துக் கடையில் சொன்னால் குரல் பழகிவிடும். கடன் சொல்லிப் பழகிய கடையை மாற்றுவதுதான் கடினம்.

மானியத்துக்கு மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். பிஎம்இஜிபி என்ற பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் பெண்களுக்கு நகரத்தில் 25 சதவீதம், கிராமத்தில் 35 சதவீதம் மானியம். அந்தப் பணம் கைக்கு வராது. 3 ஆண்டு வங்கியில் வைப்பாக இருந்து, பிறகு கடனில் கழியும். அதுவரை தவணையை உங்கள் வருமானத்திலிருந்து கட்ட வேண்டும். புதுத் தொழிலுக்கு மட்டுமே அந்தக் கடன் என்பதால், சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு எடுக்கும் முன் அங்கே ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு முதல் பாக்கெட் விற்கும் முன்பே வேண்டும்.

தையில் வேலையை விட வேண்டாம். 5 லிட்டர் டில்டிங் கிரைண்டரில் நாலைந்து முறை ஆட்டினால் இருபது பாக்கெட் வரும். வேலைக்குப் போகும் வழியில் நாலு கடைக்குப் போடுங்கள். போட்டது, திரும்பியது, வசூலானது என்று நோட்டில் மூன்று கட்டம் கட்டி அன்றன்றே எழுதுங்கள். மார்கழி, தைக் கணக்கை நம்பாதீர்கள். குளிரில் மாவு மெதுவாகத்தான் புளிக்கும். பங்குனியும் சித்திரையும் போகட்டும். அந்த வெயிலிலும் இருபதுக்கு ஒன்றுக்கு மேல் திரும்பவில்லை, நூறு பாக்கெட்டுக்குக் கேட்க ஆளிருக்கிறது என்றால், பெரிய கிரைண்டருக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டு ராஜினாமாக் கடிதம் எழுதுங்கள்.