துத்தநாகக் காசில் புளி வைக்கலாமா?

கேள்வி: முதல் உலகப்போர் நாளில் ஜெர்மனியின் ஊர்கள் தாங்களே வெளியிட்ட அவசரக் காசுகளில் பத்து வாங்கியிருக்கிறேன். சிலவற்றில் வெள்ளைப் பொடி, சிலவற்றில் துரு. பித்தளைக் குடத்துக்குப் போல புளி போட்டுத் தேய்க்கலாமுங்களா?
– வாசகி, கோபிசெட்டிபாளையம்

பதில்: வேண்டவே வேண்டாம். புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே துத்தநாகத்தையும் இரும்பையும் கரைக்கும். எழுத்தின் விளிம்பு மழுங்கினால் திரும்ப வராது. போரில் தாமிரமும் நிக்கலும் ஆயுதத்துக்குப் போய், வெள்ளியை மக்கள் பதுக்கியதால்தான் ஊர்கள் இந்த மலிவு உலோகங்களில் 5, 10, 50 ஃபென்னிக் (ஜெர்மன் சில்லறை, நூறு சேர்ந்தால் ஒரு மார்க்) காசுகளை அடித்தன. சீக்கிரம் அரிப்பது அவற்றின் இயல்பு.

முதலில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாமல் கனமாக, நீலச் சாம்பல் நிறத்தில் இருந்தால் துத்தநாகம். கையில் எடையே தெரியாவிட்டால் அலுமினியம். சாம்பல் நிறமாக இருந்தும் ஒட்டுகிறதா? பெரும்பாலும் துத்தநாகம் பூசிய இரும்பு. பலர் ஏமாறுவது இதில்தான்: தேய்த்தால் மெல்லிய பூச்சு போய், அடியிலுள்ள இரும்பு துருப்பிடிக்கும்.

வெள்ளைப் பொடியை உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள். கெட்டியாக ஒட்டியதைச் சுரண்டாதீர்கள், அடியில் குழிதான் இருக்கும். துருவுக்கு மினரல் ஆயிலில் இரண்டு நாள் ஊறவைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். பழைய பிளாஸ்டிக் உறையின் பிசுக்குக்குச் சுத்தமான அசிட்டோன் போதும். ஜன்னலைத் திறந்து, அடுப்புக்குத் தள்ளி வைத்துச் செய்யுங்கள். நெயில் பாலிஷ் ரிமூவரில் எண்ணெயும் வாசனையும் கலந்திருக்கும், அது கூடாது.

வாய்க்காலும் நெல்வயலும் சூழ்ந்த உங்கள் ஊரில் ஈரம்தான் பெரிய எதிரி. பிவிசி உறையைத் தவிர்த்து மைலார் என்ற தெளிவான பிளாஸ்டிக் தாளால் சாளரம் வைத்த அட்டையில் போடுங்கள். மூடி இறுகிய டப்பாவில் சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கி உலர்த்துங்கள். மரப்பெட்டி வேண்டாம், மரத்திலிருந்து வரும் அமில ஆவி துத்தநாகத்தை அரிக்கும். இரும்பையும் துத்தநாகத்தையும் ஒன்றோடொன்று தொட வைக்காதீர்கள். ஈரம் பட்டால் துத்தநாகம்தான் முதலில் கரையும்.

கேள்வி: ஜெர்மன் தெரியாமல், இந்த அவசரக் காசை வெளியிட்ட ஊரை எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகர், காங்கேயம்

பதில்: ‘ஷ்டாட்’ (Stadt) என்றால் நகரம், பெயர் பெரும்பாலும் அதை ஒட்டியே வரும். ‘கிரீக்ஸ்கெல்ட்’ (Kriegsgeld) போர்ப்பணம், ‘க்ளைன்கெல்டெர்சாட்ஸ்மார்க்கெ’ (Kleingeldersatzmarke) சில்லறைக்குப் பதிலான வில்லை. இவற்றை ஊர்ப்பெயராக எழுதி வைத்துவிடாதீர்கள். பான் (Bonn) நகரத்தின் 1920 இரும்புக் காசில் இசையமைப்பாளர் பீத்தோவன் தலை இருக்கும், முதல் காசாக வாங்க நல்லது. போர் முடிந்தும் சில்லறைத் தட்டுப்பாடு தீராததால் அடித்தது அது. அதைப் போர்க்கால வரிசையில் வைக்காமல் தனியாக வையுங்கள்.