சிட்னியில் பிள்ளைகளுக்கு வேதம் சொல்லிக் கொடுப்பது: தேவகோட்டைத் தங்கச்சிக்குப் பதில்

தங்கச்சி, உங்கள் கேள்வியைப் படித்தேன். தேவகோட்டையிலிருந்து சிட்னிக்கு வந்து இன்னும் ஒரு வருஷம் ஆகவில்லை, மகனுக்கு 12 வயது, மகளுக்கு 8. ஊரில் ஞாயிறு பள்ளியும் அப்பத்தாவும் பார்த்துக்கொண்டதை இங்கே யார் பார்ப்பது என்று கேட்டிருந்தீர்கள். ஸ்டேஷன் வாசலில் புத்தக வண்டியோடு நிற்பவர்கள் பையன் கையில் தமிழ்ப் பத்திரிகை ஒன்றைக் கொடுத்துவிட்டார்கள், ஒரு வீட்டு ஜெபக்கூட்டத்தில் வெளியூர் ஊழியர் ஒருவர் மகள் தலையில் கைவைத்து "இவள் டாக்டர் ஆவாள் என்று கர்த்தர் சொல்கிறார்" என்றார், இதில் எதை நம்புவது என்று பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்வது என்பதுதானே உங்கள் கவலை. நானும் காரைக்குடிப் பக்கம்தான், இங்கே வந்துதான் பிள்ளைகளை வளர்த்தேன், அதனால் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன்.

நம் பக்கத்தில் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் பெரும்பாலும் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டுப் போனார்கள், பிள்ளைகளுக்குச் சாமியும் சாத்திரமும் ஊரே சொல்லிக் கொடுத்தது. நாம் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். அந்த வேலை இப்போது முழுக்க நம் வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு வந்துவிட்டது.

முதலில் ஒன்று. "இன்னின்ன கூட்டம் தப்பு, அங்கே போகாதே" என்று ஒரு பட்டியல் போட்டுக் கொடுக்காதீர்கள். அதில் இல்லாத புதுக் கூட்டம் ஒன்று வந்து நின்றால் பிள்ளை முழிக்கும். எந்த வசனத்தை யார் சொன்னாலும் அதை அது இருக்கிற அதிகாரத்தில் போய்ப் பார்க்கிற பழக்கத்தைக் கொடுங்கள். யார் யாருக்குச் சொன்னது, முன்னால் என்ன இருக்கிறது, பின்னால் என்ன இருக்கிறது, அவ்வளவுதான். காரைக்குடியில் அசல் கண்டாங்கியை நாலு தடவை தொட்டுப் பார்த்த பிள்ளைக்குப் போலியைப் பற்றித் தனியாகப் பாடம் எடுக்கத் தேவையில்லை, கையே சொல்லிவிடும்.

எங்கிருந்து தொடங்குவது? வீட்டில் புது வருஷ ஆராதனையில் எடுத்த, வசனம் அச்சிட்ட வாக்குத்தத்த அட்டை இருக்கும் இல்லையா, அதிலிருந்தே தொடங்கலாம். அதிகம் அச்சாகிற வசனங்களில் ஒன்று எரேமியா 29:11, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று வருவது. அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு பிள்ளைகளை 28ஆம் அதிகாரத்திலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். அங்கே அனனியா என்று ஒரு தீர்க்கதரிசி வருகிறார். "கர்த்தர் சொல்லுகிறார்" என்றுதான் அவரும் ஆரம்பிக்கிறார், எரேமியா பேசுகிற அதே வார்த்தை, அதே ஆலயம், அதே ஜனங்கள். பாபிலோன் ராஜா பிடித்துக்கொண்டு போன ஆட்களும் பொருட்களும் இன்னும் இரண்டே வருஷத்தில் திரும்பி வந்துவிடும் என்கிறார். அதைக் கேட்ட எரேமியா "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறார், அவருக்கும் அதுதான் ஆசை. ஆனால் அது கர்த்தர் சொன்னது இல்லை. பாபிலோனுக்கு அடங்கியிருங்கள் என்பதற்கு அடையாளமாக எரேமியா கழுத்தில் போட்டிருந்த மர நுகத்தை அனனியா எடுத்து எல்லார் முன்னாலும் உடைத்துப் போடுகிறார், பார்க்கிறவர்களுக்கு அதுதான் விசுவாசம் மாதிரித் தெரிந்திருக்கும். அதே வருஷம் ஏழாம் மாதம் அவர் செத்துப்போனார் என்று அதிகாரம் முடிகிறது. அடுத்த அதிகாரத்தில் எரேமியா பாபிலோனில் இருக்கிற நம்மைப் போன்ற ஆட்களுக்குக் கடிதம் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளைக் கட்டிக் கொடுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள், உங்கள் நடுவில் இருக்கிற தீர்க்கதரிசிகளிடம் மோசம் போகாதீர்கள், 70 வருஷம் ஆகும். இவ்வளவுக்கும் பிறகுதான் அட்டையில் இருக்கிற அந்த 11ஆம் வசனம் வருகிறது.

இதை வாசித்து முடித்ததும் பையனிடம் ஒரே கேள்வி கேளுங்கள். அங்கே நீ இருந்திருந்தால் யாரை நம்பியிருப்பாய்? அவன் அனனியா என்று சொன்னால் திட்டாதீர்கள், அங்கே இருந்தவர்களுக்கும் அவர் பேச்சுதான் இனித்திருக்கும். பொய்ப் போதனை கொம்பு முளைத்துக்கொண்டு வராது, நமக்குப் பிடித்ததைக் கர்த்தர் பெயரில் சொல்லிக்கொண்டு வரும் என்று ஒரு பிள்ளைக்குப் புரிய இந்த இரண்டு அதிகாரம் போதும். அப்புறம் அந்த வாக்குத்தத்தம் ஒன்றும் சின்னதாகிவிடாது. 70 வருஷம் காத்திருக்கப் போகிறவர்களுக்குக் கொடுத்த வார்த்தை என்று தெரிந்தால், எனக்கு வேலை கிடைக்காத மாதங்களில் தாங்கியது போல அவர்களையும் தாங்கும்.

கொஞ்சம் பழகிய பிறகு மத்தேயு 4ஆம் அதிகாரத்தையும் சங்கீதம் 91ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பிசாசு வசனம் சொல்கிறான், சரியான வசனம்தான். "உன் வழிகளிலெல்லாம் உன்னைக் காக்கும்படி" என்கிற துண்டு மட்டும் அவன் வாயில் வரவில்லை. சின்னவளிடம் பென்சிலைக் கொடுத்து எது விட்டுப்போயிருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள், எட்டு வயதுப் பிள்ளைகள் இதில் பெரியவர்களைவிட வேகம்.

ஸ்டேஷனில் நிற்பவர்கள் யெகோவாவின் சாட்சிகள். காவற்கோபுரம் பத்திரிகை ஊரிலும் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம் மரியாதையாகப் பேசத்தான் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும், முகத்தைத் திருப்பிக்கொண்டு போவது நமக்கு அழகில்லை. ஆனால் இயேசு யார் என்று கேட்டால் அவர்கள் பதில் வேறு, அவரைத் தேவனால் படைக்கப்பட்டவர் என்கிறார்கள். நம் வேதாகமத்தில் "அந்த வார்த்தை தேவனாயிருந்தது" என்று இயேசுவைப் பற்றி வருகிற யோவான் 1:1ம் அவர்களுடைய மொழிபெயர்ப்பில் அதற்கேற்ற மாதிரிதான் இருக்கும். உங்கள் பையன் யோவான் 20:28ல் தோமா இயேசுவைப் பார்த்து "என் ஆண்டவரே! என் தேவனே!" என்று சொன்னதையும், இயேசு அதைத் தடுக்கவில்லை என்பதையும் தெரிந்து வைத்திருந்தால் போதும். பெயர் பட்டை குத்திக்கொண்டு இரண்டு இரண்டு பேராக வீட்டுக்கு வரும் இளைஞர்கள் மார்மன் சபையார். 1830ல் வெளியான இன்னொரு புத்தகத்தையும் அவர்கள் வேதமாக வைத்திருக்கிறார்கள். அதற்குக் கலாத்தியர் 1:8 போதும், வானத்துத் தூதனே வந்து வேறொரு சுவிசேஷத்தைச் சொன்னாலும் ஏற்கக் கூடாது என்கிற வசனம்.

அந்த டாக்டர் தீர்க்கதரிசனத்துக்கு வருகிறேன், எனக்கு மனசு கனத்தது அதில்தான். மகளிடம் இன்றைக்கே உட்கார்ந்து பேசுங்கள், தள்ளிப்போடாதீர்கள். அவள் டாக்டர் ஆகாவிட்டால் தேவன் பொய்யர் ஆகிவிடுவார், இல்லையென்றால் தன் விசுவாசம்தான் குறைச்சல் என்று அந்தப் பிள்ளை பத்து வருஷம் சுமக்கும். அந்த ஐயா சொன்னதைச் சோதித்துப் பார்க்க நமக்கு உரிமை உண்டு என்று சொல்லுங்கள். பவுல் பேசியதையே பெரோயா பட்டணத்தார் தினமும் வேதத்தில் ஒப்பிட்டுப் பார்த்தார்கள், அப்போஸ்தலர் 17:11 அவர்களை நற்குணசாலிகள் என்கிறது. பெரியவர்களை எதிர்த்துப் பேசுவதாக நம் ஆட்கள் நினைப்பார்கள், நினைக்கட்டும். காணிக்கை விதைத்தால் விசா வரும், பிஆர் (இங்கே நிரந்தரமாகத் தங்கும் அனுமதி) வரும் என்று பேசுகிற கூட்டங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாமல் இருப்பதே நல்லது, மனிதர்கள் எவ்வளவு பாசமாகச் சோறு போட்டாலும் சரி.

பள்ளிக்கூடம் பற்றி ஒன்று. நியூ சவுத் வேல்ஸ் அரசுப் பள்ளிகளில் வாரம் அரை மணி நேரம்போல ஸ்கிரிப்சர் என்கிற வேதபாட வகுப்பு உண்டு, அனுமதி பெற்ற சபைகளிலிருந்து தொண்டர்கள் வந்து எடுப்பார்கள். வேண்டுமா வேண்டாமா என்று பெற்றோரைத்தான் கேட்பார்கள், சேர்க்கையின்போது ஃபாரத்தைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் ஆபீஸில் போய்க் கேளுங்கள். நல்ல விஷயம்தான், ஆனால் அரை மணி நேரம் அரை மணி நேரம்தான்.

பையன் பல்கலைக்கழகம் போகும்போது வேறு மாதிரி வரும். 1984ல் கொரியாவில் ஆரம்பித்த ஷின்சொன்ஜி போன்ற கூட்டங்கள் முதலில் தங்கள் பெயரைச் சொல்லாமல் வேதபாட வகுப்பு என்றுதான் கூப்பிடும். பெயர் சொல்லாத வகுப்பு, வீட்டில் சொல்லாதே என்கிற வகுப்பு, இரண்டுக்கும் போகக் கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

தமிழ் வேதாகமம் பிள்ளைகளுக்கு ஓடாது என்று வருத்தப்பட்டிருந்தீர்கள். அவர்கள் இங்கிலீஷில் வாசிக்கட்டும், நீங்கள் தமிழில் வாசியுங்கள், மனப்பாட வசனம் மட்டும் தமிழில் இருக்கட்டும். தினசரி வாசிப்பை மாற்குவில் தொடங்குங்கள், 16 அதிகாரம்தான், ராத்திரிக்குப் பாதி அதிகாரம்.

கடைசியாக, பிள்ளை கேட்கிற கேள்விக்கு எனக்கே பதில் தெரியாவிட்டால் என்ன செய்வது என்று கேட்டீர்களே, தெரியாது என்று சொல்லிவிடுங்கள். ஒரு நோட்டுப் போட்டு அதில் பிள்ளை கையாலேயே கேள்வியை எழுத வைத்து, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் போதகரிடம் அவர்களையே கேட்கச் சொல்லுங்கள். கேள்வியைக் கேட்டுக் கோபப்படுகிற போதகர் என்றால் வேறு சபை பாருங்கள்.